ஆளறியும் பறவை

ஒழுங்கையில் எழும் ஐயம்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில், பருத்தித்துறை வீதியிலிருந்து வாழைத் தோட்டங்களை நோக்கிப் பிரியும் ஒழுங்கைகளிலே, காகங்கள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலத்தில், ஊரவர் பலரும் கண்டு அதிசயிக்கும் ஒரு சம்பவம் நிகழ்வதுண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளையும், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் கமக்காரரையும், சைக்கிளில் மீன் கொண்டுவரும் வியாபாரியையும், தான் கூடு வைத்திருக்கும் மாமரத்தின் கீழாகப் பேசாமல் போகவிடும் காகம், ஒரேயொரு வீட்டு இளைஞன் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்த மாத்திரத்தில், கொப்பைவிட்டு எழுந்து, பெருங்குரலில் கரைந்து, பின்புறமாகத் தாழப் பறந்து வந்து, அவனுடைய உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போகிறது. விசாரித்துப் பார்த்தால், சில தினங்களுக்கு முன் கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சொன்றை அவன் கையிலே எடுத்தான் என்பது தெரியவரும். பூனையின் வாயிலிருந்து காப்பாற்றும் பொருட்டே அவன் அதை எடுத்திருக்கலாம். ஆனால் அவனுடைய நோக்கத்தை அறியக் காகத்துக்கு வழியில்லை. தன் குஞ்சு அவன் கையில் இருந்ததை மட்டுமே அது கண்டது.

“குடையைப் பிடிச்சுக்கொண்டு போ தம்பி, காகம் ஆளை மறவாது” என்று வீட்டிலுள்ள ஆச்சி சொல்லுவார். தலைமுறை தலைமுறையாக வந்த அநுபவத்தின் சாரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. எனினும், அநுபவம் எவ்வளவு நீண்டதாயினும், அதனுள்ளே தற்செயலும் கலந்திருக்கக்கூடும் என்பதை விஞ்ஞானம் மறப்பதில்லை. காகம் அவனுடைய முகத்தையா அறிந்தது, அல்லது அவன் அன்றாடம் உடுக்கும் சாரத்தையும் நடக்கும் நடையையுமா? அந்தப் படலையைத் திறக்கும் எவரையும் அது கொத்துமா? கொத்துப்பட்ட நாட்களை மாத்திரம் நாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, கொத்தாத நாட்களை மறந்துவிட்டோமா? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை காணும் வழியை ஒருவர் கண்டுபிடித்தார். அவர் செய்த காரியத்தை விரிவாகச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் பிரதான நோக்கம்.

காகத்துக்குரிய காடு

அதற்கு முன், நாம் எந்தக் காகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். நம்முடைய ஊர்களில் இருவகைக் காகங்கள் உண்டு. உடல் முழுவதும் கறுத்து, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காகம். கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறமாக, உருவத்தில் சற்றுச் சிறியதாக இருப்பது வீட்டுக்காகம். அண்டங்காகம் மனிதரை அண்டியும் வாழும், காட்டிலும் வாழும். வீட்டுக்காகத்துக்கோ மனிதனுடைய குடியிருப்பே காடு. குசினிக் கழிவும், சந்தையின் குப்பையும், மீன் வெட்டும் இடமும், தோட்டத்தில் பழுக்கும் வாழைக்குலையும் இல்லாத இடத்தில் அதைக் காண்பது அரிது.

மனிதனை ஒட்டியே வாழும் இந்த இயல்பு அதைக் கடல் கடக்கவும் செய்தது. 1890களில், மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் மயிர்க்கொட்டிகளின் தொல்லை மிகுந்தபோது, அவற்றைத் தின்று ஒழிக்கட்டும் என்று இலங்கையிலிருந்து வீட்டுக்காகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய காலமும் ஏறக்குறைய அதுவே. கோப்பித் தோட்டங்கள் மறைந்தன. காகங்கள் நிலைத்துப் பெருகின. சான்சிபாரிலும் கிழக்கு ஆபிரிக்காவின் கரையோரத் துறைமுகங்களிலும் அது வேரூன்றியது. 1990களில், எவரும் கொண்டுபோகாமலே, கப்பல்களில் தொற்றி ஏறி ஒல்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்தை அடைந்து, அந்தக் குளிரிலும் குஞ்சு பொரித்தது.

இப்படி வாழும் ஒரு பட்சிக்கு உலகத்திலே விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயங்களுள் முதன்மையானது மனிதனே. மனிதர் எல்லாரும் ஒரு தன்மையினர் அல்லர் என்பதுதான் அதிலுள்ள சிரமம். ஒரு வளவில் சோறு வைப்பார்கள், அடுத்த வளவில் கல்லெறிவார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே, அம்மம்மா சோறு வைக்க, பேரன் கவண் எடுப்பான். எல்லா மனிதரையும் பகைவராக எண்ணும் காகம் பட்டினி கிடக்கும். எல்லாரையும் நண்பராக எண்ணும் காகம் சீக்கிரம் உயிரிழக்கும். ஆகவே, ஆளுக்கு ஆள் பேதம் காணும் ஆற்றலைத் தருவதற்கு வேண்டிய நெருக்கடி இந்தப் பறவையின் வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் இருக்கிறது.

முகமூடிப் பரிசோதனை

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மார்ஸ்லஃப் என்னும் பேராசிரியர் பல ஆண்டுகளாகக் காகங்களைப் பிடித்து, காலில் நிற வளையமிட்டு, விடுதலை செய்து, அவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்து வந்தார். அங்குள்ளவை அமெரிக்கக் காகங்கள். நம்முடைய வீட்டுக்காகத்துக்கு உறவினம். ஒருமுறை பிடிபட்ட காகங்களை மீண்டும் பிடிப்பது கடினமாகிறது என்பதையும், பிடித்தவரைக் கண்டால் அவை கரைந்து ஏசுகின்றன என்பதையும் அவரும் அவருடைய மாணவரும் உணர்ந்திருந்தார்கள். அது நம் ஆச்சிக்கும் தெரிந்த சங்கதியே. அந்த உணர்வை நிரூபணமாக மாற்ற முயன்றதில்தான் மார்ஸ்லஃபின் பெருமை இருக்கிறது.

அவர் எதிர்கொண்ட தடை இதுதான்: ஒரு மனிதனுடைய முகத்தை அவனுடைய நடை, உயரம், உடை, குரல், மணம் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? முகத்தைக் கழற்றி இன்னொருவனுக்கு மாட்ட முடியுமானால் அல்லவா, காகம் எதைக் கண்டு கரைகிறது என்று சொல்லலாம்? அதற்கு அவர் கண்ட உபாயம், கடைகளில் விற்கும் இறப்பர் முகமூடி. 2006ஆம் ஆண்டில், ஆதிகாலக் குகைமனிதனைப் போன்ற ஒரு முகமூடியை அணிந்துகொண்டு, பல்கலைக்கழக வளாகத்திலே 7 காகங்களை வலையில் பிடித்து, வளையமிட்டு, எந்த ஊறும் செய்யாமல் விட்டார்கள். பிடிபட்ட காகங்களும், அவற்றின் கூக்குரலைக் கேட்டு வந்து மேலே வட்டமிட்ட காகங்களும் கண்டது அந்த முகத்தை மாத்திரமே.

பிறகு இரண்டு முகமூடிகளோடு பரிசோதனை தொடர்ந்தது. ஒன்று, காகங்களைப் பிடித்தபோது அணிந்த குகைமனித முகம். அதை அபாய முகம் என்போம். மற்றது, காகங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத வேறொரு முகம். அதற்கு அப்போதைய அமெரிக்க உப ஜனாதிபதி டிக் செய்னியின் உருவ முகமூடியைத் தெரிந்துகொண்டார்கள். இதனை ஒப்பு முகம் என்போம். ஒப்பு முகம் இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனைக்குப் பெறுமதியே இல்லை. காகங்கள் அபாய முகத்தைக் கண்டு கரைந்தன என்று மட்டும் அறிந்தால், விகாரமான எந்த முகமூடியைக் கண்டாலும் அவை கரைந்திருக்கும் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். இரண்டும் இறப்பர், இரண்டும் புதியவை, இரண்டும் மனித முகங்கள். ஒன்றுக்கு மட்டும் ஒரு குற்றம் உண்டு. அந்த ஒரு வித்தியாசமே விடையைத் தர வேண்டும்.

முகமூடிகளை அணிந்து குறித்த பாதைகளில் நடந்தவர்கள் பலர். ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், வேகமாக நடப்போரும் மெல்ல நடப்போரும் அவர்களுள் இருந்தனர். இதனால் நடையும் உடலமைப்பும் விடையைக் கெடுக்கும் வழி அடைபட்டது. அபாய முகத்தின்மேல் தொப்பியை வைத்துப் பார்த்தார்கள். தலைகீழாகவும் அணிந்து பார்த்தார்கள். காகங்கள் ஏமாறவில்லை. ஒப்பு முகத்தோடு நடந்தவரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாத காகங்கள், அபாய முகத்தோடு நடந்தவர் யாராயிருந்தாலும், கொப்புக்குக் கொப்பு தாவி, வாலையும் சிறகையும் வெட்டி, கடுங்குரலில் ஏசின. துணைக்கு மற்றவற்றையும் அழைத்தன. பிடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், அபாய முகத்தோடு மார்ஸ்லஃப் நடந்த ஒரு நடையில், எதிர்ப்பட்ட 53 காகங்களில் 47 அவரை ஏசின.

இந்த எண்ணிக்கையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பிடிபட்டவை 7, ஏசியவை 47. ஏசியவற்றுள் பெரும்பகுதி, அந்த வலைக்குள் ஒருபோதும் அகப்படாத காகங்கள்.

காணாத குற்றத்துக்குப் பகை

வலையில் அகப்படாத, நாற்பதுக்குக் குறையாத அந்தக் காகங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சில, பிடித்த நாளில் மேலே நின்று கண்டவையாக இருக்கலாம். ஏனையவை, கண்ட காகம் ஏசுவதைக் கண்டு, “இந்த முகத்துக்கு ஏச வேண்டும்” என்று கற்றுக்கொண்டவை. ஒரு பிராணி தன் சொந்த அநுபவத்தால் அல்லாமல், தன் இனத்தாரின் நடத்தையைப் பார்த்துக் கற்பதை விஞ்ஞானிகள் சமூகக் கற்றல் என்பர். 2012இல் மார்ஸ்லஃபும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரை, ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தப் பகை, பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 1.2 கிலோமீற்றர் தூரம்வரை பரவியிருந்ததைக் காட்டியது. பெற்றோர் ஏசுவதைக் கண்ட குஞ்சுகளும், தாய் தந்தையர் அருகில் இல்லாத வேளையில், அதே முகத்தை ஏசின.

நம் தோட்டக்காரர் கையாளும் ஒரு பழைய உபாயத்துக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. பயிரைக் காகம் கிளறும் தோட்டத்திலே செத்த காகமொன்றைத் தடியில் கட்டித் தொங்கவிட்டால், சுற்றுவட்டாரத்துக் காகமெல்லாம் கூடி நின்று ஆர்ப்பரித்துவிட்டு, சில நாட்களுக்கு அந்தப் பக்கம் வராமல் விடும். மின்கம்பியில் அடிபட்டு ஒன்று விழுந்தாலும் அதே கூட்டம் கூடும். மார்ஸ்லஃபின் மாணவி கேலி ஸ்விஃப்ட் இதனையும் பரிசோதித்தார். பதப்படுத்திய செத்த காகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, முகமூடியோடு ஒருவர் நின்றால், காகங்கள் கூடி ஏசின. வாரங்கள் கழித்து அந்த முகம் வெறுங்கையோடு வந்தபோதும் ஏசின. அந்த இடத்தில் வைத்த உணவை எடுக்கவும் தயங்கின. 2015இல் வெளியான இந்த ஆராய்ச்சியின்படி, அந்தக் கூட்டத்தில் துக்கம் இருக்கிறதோ இல்லையோ, பாடம் நிச்சயமாக இருக்கிறது: எங்கே, யாரால் ஆபத்து என்னும் பாடம்.

சிறிய தலைக்குள்ளே

ஒரு பாக்கின் அளவேயான மூளைக்குள் இவ்வளவும் அடங்குவது எப்படி? பறவையின் மூளை சிறியது, ஆகவே பறவைக்கு அறிவும் குறைவு என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2016இல் பல பறவைகளின் மூளையிலுள்ள நரம்புக்கலங்களை எண்ணிப் பார்த்தபோது, காகக் குடும்பத்துப் பறவைகளிலும் கிளிகளிலும் அவை மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும், முன்மூளையிலுள்ள கலங்களின் தொகை சில குரங்குகளின் தொகைக்கு ஈடாக இருப்பதும் தெரியவந்தன. எடையைவிட நெருக்கமே கணக்கு. ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரியாஸ் நீடரும் அவருடைய குழுவினரும் 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பயிற்றப்பட்ட மூன்று காகங்கள், காட்டப்பட்ட அடையாளத்துக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரை எண்ணிக் கரைந்தன. கரையத் தொடங்குமுன்பே எத்தனை முறை கரையப்போகிறோம் என்பதை அவை திட்டமிட்டிருந்தன என்பதற்கு, முதற் குரலின் தன்மையே சான்றாக இருந்தது.

முகமறியும் காகத்தின் மூளையையும் பார்த்திருக்கிறார்கள். தன்னைப் பிடித்த முகத்தைக் கண்ட காகத்தின் மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதிகளும், உணவூட்டிப் பராமரித்த முகத்தைக் கண்டபோது வேறு பகுதிகளும் முனைப்புற்றன என்று 2012இல் அறிவித்தார்கள். அதற்குரிய படப்பிடிப்பு முறையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அறிவதற்கும் அஞ்சுவதற்கும் இடையே காகத்திடம் நெருங்கிய பிணைப்பு உண்டென்பதே நமக்கு வேண்டியது.

மிகைப்படுத்தும் ஆசை

காகத்தின் புத்தியைக் கேள்விப்படும் எவருக்கும் அதை மேலும் உயர்த்திப் பேசும் ஆசை வந்துவிடுகிறது. ஜப்பானின் செண்டை நகரத்தில் காகங்கள் வால்நட் கொட்டைகளை வீதியில் போட்டு, மோட்டார் வண்டிகளின் சில்லுக்குக் கீழே உடைபடச் செய்து தின்கின்றன என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. கலிபோர்னியாவில் அதே கதையைச் சிலர் 1997இல் சோதித்தார்கள். வண்டி வரும்போது கொட்டையைப் போடும் தடவைகளையும், வீதி வெறுமையாக இருக்கும்போது போடும் தடவைகளையும் எண்ணிப் பார்த்தபோது, வண்டியை எதிர்பார்த்துப் போட்டதற்கு அங்கே ஓர் அத்தாட்சியும் அகப்படவில்லை. கடினமான தரையில் போட்டால் கொட்டை உடையும் என்பதே அந்தக் காகங்களுக்குப் போதுமாயிருந்தது. செண்டையின் காகங்கள் வேறு பாடம் கற்றிருக்கக்கூடும். ஆயினும் ஓர் ஊர்க் காகம் செய்வதை உலகக் காகம் முழுவதும் செய்யும் என்று கொள்ளலாகாது. கற்கும் பறவைக்கு ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடும்.

சனிக்கிழமைச் சோறு

இந்த எச்சரிக்கையோடு நம் முற்றத்துப் புதிர் ஒன்றை அணுகுவோம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில், சனீசுவரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து விரதம் இருப்பவர்கள், தாம் உண்ணுமுன் வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வைத்துக் காகத்தை அழைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அமாவாசை விரதத்திலும் அவ்வாறே. காகம் கரைந்தால் விருந்து வரும் என்பதைப் பாடியதனாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற புலவரொருவர் சங்ககாலத்தில் இருந்தார் என்றால், காகத்தின் குரலுக்கும் நம் வீட்டுச் சோற்றுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது விளங்கும். இலை வைத்துக் கூப்பிடுமுன்பே காகங்கள் மதிலில் வந்து குந்தியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அவற்றுக்குக் கிழமை தெரியுமா?

முற்றாக மறுத்துவிட முடியாது. காகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கிறப் ஜே என்னும் பறவை, தான் எந்த உணவை, எங்கே, எவ்வளவு காலத்துக்கு முன் ஒளித்தது என்பதை ஞாபகத்தில் வைத்திருக்கிறது என்று நிக்கொலா கிளேற்றனும் அந்தனி டிக்கின்சனும் 1998இல் காட்டினார்கள். 4 மணி நேரத்துக்கு முன் ஒளித்த புழு நல்லதாக இருக்கும் என்று அதைத் தேடிய பறவை, 124 மணி நேரம் கழிந்தால் புழு அழுகியிருக்கும் என்று கச்சான் இருந்த இடத்துக்குப் போயிற்று. 124 மணி நேரம் என்பது ஐந்து நாளுக்குச் சற்று மேல். வாரத்துக்கு அது வெகுதூரமில்லை.

ஆனால் இதைவிட எளிய விடை ஒன்று கைவசம் இருக்கையில் அரிய விடையைத் தேட வேண்டியதில்லை. விரத நாளிலே வீட்டில் மாற்றங்கள் பல. காலையில் தலைமுழுகிய ஈரக்கூந்தலோடு அம்மா கிணற்றடியிலிருந்து வருகிறார். மீன் வியாபாரியின் சைக்கிள் படலையில் நிற்பதில்லை. வாழைமரத்திலிருந்து இலை வெட்டப்படுகிறது. மனிதனைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட பறவைக்கு இவற்றுள் ஒன்றே போதும். கல்லெடுக்கக் குனிந்த கணத்திலேயே காகம் எழுந்து பறப்பதும் இத்தகைய வாசிப்பே. தம்மை நேரே நோக்கி வருபவரிடமிருந்து காகங்கள் முந்தியே விலகுகின்றன, வேறு பக்கம் பார்த்து வருபவரை இன்னும் அருகே வரவிடுகின்றன என்பதும் சியாட்டிலில் அளந்தறியப்பட்டது.

இதனை நீர்வேலியில் எவரும் சோதிக்கலாம். புரட்டாசிச் சனிகளில் வழக்கம்போலச் சோறு வைத்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை அதே நேரத்தில் தலைமுழுகி, இலை வெட்டி, முற்றத்துக்கு வாருங்கள். ஆனால் அழைக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை இலையும் வெட்டாமல், முழுகவும் செய்யாமல், பிந்தியே இருங்கள். இரண்டு நாட்களிலும் மதிலில் வந்து குந்தியவற்றை எண்ணி ஒரு கொப்பியில் எழுதினால், காகம் கிழமையைப் பின்பற்றுகிறதா, உங்களைப் பின்பற்றுகிறதா என்பது சில வாரங்களில் தெளிவாகும். ஒப்பு முகம் செய்த வேலையை இங்கே அந்த வியாழக்கிழமை செய்கிறது.

குயில் முட்டை

இத்தனை சாதுரியமுள்ள பறவை குயிலிடம் ஏமாறுவது ஏன் என்று வாசகர் கேட்பது நியாயம். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுகிறது. காகத்தின் முட்டை நீலப்பச்சை நிறத்தில் கபிலப் புள்ளிகள் உடையது. குயில் முட்டை அதற்கு ஒப்பான நிறத்தில், அளவில் சிறியது. குயிற்குஞ்சு முந்திப் பொரித்து, காகம் கொண்டுவரும் இரையில் முந்திக்கொள்கிறது. தெருவில் போகும் மனிதரின் முகங்களைப் பிரித்தறியும் கண், தன் அடியில் கிடக்கும் முட்டையின் சிறுமையைக் கண்டுகொள்வதில்லை.

இதற்கு என் அபிப்பிராயத்தில் பதில், கற்றலின் தன்மையிலேயே இருக்கிறது. கல்லெறிந்தவனின் முகமும் கல்லும் ஒரே கணத்தில் தோன்றுகின்றன. காரணமும் காரியமும் பிரியாமல் நிற்கின்றன. குயில் முட்டையின் விளைவோ வாரக்கணக்காக நீண்டு, குஞ்சு பறந்துபோன பின்பும் வெளிப்படையாக ஒரு தண்டனையாக வருவதில்லை. கற்பதற்குரிய நிகழ்ச்சி அங்கே இல்லை. தவறுதலாகத் தன் முட்டையையே வெளியே தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. காகத்தின் அறிவு எல்லாத் திசையிலும் ஒரே பிரகாசமாக எரிவதில்லை. தன் வாழ்வுக்கு எந்த வேறுபாட்டைக் கற்க நேர்ந்ததோ, அந்த வேறுபாட்டில் அது கூர்மை பெற்றிருக்கிறது. அந்த வேறுபாடுகளுள் மிகப் பெரியது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானது.

பகை எத்தனை காலம்

சியாட்டிலின் குகைமனித முகம் 2006க்குப் பின் ஒரு காகத்தையும் பிடிக்கவில்லை. ஆண்டில் சில தடவைகள் யாராவது ஒருவர் அதை அணிந்து, காகங்களுக்குச் சிறிது உணவைப் போட்டுவிட்டு நடந்து போவது மாத்திரமே நடந்தது. அப்படியிருந்தும் ஏசும் காகங்களின் விகிதம் முதலில் குறையவில்லை. ஏழு ஆண்டளவில், ஒரு நடையை மட்டும் அல்லாமல் எல்லா நடைகளையும் சேர்த்துப் பார்க்கையில், எதிர்ப்பட்டவற்றில் ஏறக்குறைய அரைவாசி ஏசும் நிலையை அடைந்து உச்சத்தில் நின்றது. அதற்குள் பிடிபட்ட ஏழில் பல இறந்திருக்க வேண்டும். குற்றத்தைக் கண்டவை அருகி, கேள்வியால் அறிந்தவையே பெருகிய காலம் அது. அதன் பின்னர் மெல்ல மெல்லத் தணிந்தது. 2023 செப்டெம்பரில், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், மார்ஸ்லஃப் அதே முகத்தை அணிந்து அதே வளாகத்தில் நடந்தபோது ஒரு காகமும் கரையவில்லை.

ஏசுவதற்கும் செலவு உண்டு. ஏசும் நேரத்தில் இரை தேட முடியாது. கூடு காவலற்றுக் கிடக்கும். ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சும் மூத்தவை ஏசுவதைக் கண்டு தானும் ஏசிப் பார்த்தது. அந்த முகத்தால் தனக்கு ஒரு தீங்கும் வராததைத் தன் கண்ணாலும் கண்டது. கேட்ட பாடமும் கண்ட உண்மையும் முரண்பட்ட இடத்தில், போதிய காலம் கிடைத்தபோது, காகங்கள் கண்ட உண்மையின் பக்கமே சாய்ந்தன. ஒரு முறையேனும் அந்த முகம் இடையில் வலையோடு வந்திருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.